கனிவாபுரியின் ஐந்துவிரல் பிராணி

கனிவாபுரி அரசின் கருவூலத்துக்கு ஒச்சம்மா என்கிற கீரைக்காரி கட்ட வேண்டிய பாக்கி நாற்பத்திரண்டு பணம் மூன்று காசு.

கனிவாபுரி எங்கே இருக்கிறது என்று கேட்கக்கூடாது. மழை பெய்தால் சேறும் பெய்யாவிட்டால் புழுதியுமாக இருக்கிற ஊர்களுக்கு நடுவில் அதுவும் ஒரு ஊர். தனக்கென்று ஒரு கோட்டையும் ஒரு ராஜாவும் வைத்திருந்ததால் அதை நாடு என்று சொல்ல வேண்டியிருந்தது. கோட்டைக்கு உள்ளே இருந்தவர்கள் ஆண்டார்கள். வெளியே இருந்தவர்கள் தோட்டம் போட்டார்கள். உள்ளே இருந்தவர்கள் சாப்பிட்டது வெளியே விளைந்தது. வெளியே இருந்தவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்பது பற்றி ஏடுகளில் குறிப்பு இல்லை.

ராஜாவின் பெயர் மெல்லடி மாமன்னர். எறும்பைக்கூட மிதிக்காதவர் என்று பேர். மிதிக்க வேண்டுமானால் நடக்க வேண்டும். அவர் பல்லக்கை விட்டு இறங்கி வெகு நாளாகியிருந்தது.

ஒச்சம்மாவுக்கு நாலு பாத்தி இருந்தது. நாலிலும் சிறுகீரை. விதைக்கும் எருவுக்கும்தான் அந்தக் கடன். மாமன்னர் பிறந்தநாளுக்குள் கட்டாவிட்டால் பாத்தி நான்கும் கருவூலத்துக்குப் போய்விடும். அதன்பிறகு அதே பாத்தியில் அவள் கூலிக்குக் களை பறிக்கலாம். அந்தச் சலுகை உண்டு.

பிறந்தநாளுக்கு மூன்று மாதம் இருந்தது. சிறுகீரை இருபத்தைந்து நாளில் பறிப்புக்கு வரும். மூன்று பறிப்பு எடுத்தால் கடன் தீர்ந்துவிடும் என்று ஒச்சம்மா கணக்குப் போட்டிருந்தாள். அந்தக் கணக்கில் பூனை இல்லை.

கீரை விதை கடுகிலும் பொடிசு. மணலோடு கலந்து தூவ வேண்டும். அதற்கு முன்னால் மண்ணைக் கொத்தி, கட்டி உடைத்து, கையாலேயே உதிர்த்து, மாவு மாதிரி ஆக்கி வைக்க வேண்டும். இடுப்பு விட்டுப்போகும். இப்படி ஒருத்தி இடுப்பொடிய மெத்தையாக்கி வைத்த மண்ணைப் பூனை எப்படிப் பார்க்கும்? தனக்காகத்தான் செய்திருக்கிறார்கள் என்று பார்க்கும். வரும், பள்ளம் பறிக்கும், வந்த காரியத்தை முடிக்கும், மூடிவிட்டுப் போகும். சுத்தக்காரப் பிறவி. அது மூடுகிற மூடலில் விதை ஒரு சாண் ஆழத்துக்குப் போய்விடும். பிறகு முளைக்காது.

பக்கத்துத் தோட்டத்தில் கத்திரி போட்டிருந்த சடையாண்டி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"கல்ல எடுத்து ஒண்ணு போடு மதினி. நாலு நாளைக்கு இந்தப் பக்கமே வராது."

"ஏன் கொழுந்தனாரே, அதுக்கு மட்டும் அவசரம் வராதா? ஒதுங்க எடமில்லாமத்தான இங்க வருது. கல்ல வாங்கிட்டு எங்க போயி இருக்கும்? ஒங்க கத்திரிக்குத்தான் வரும்."

சடையாண்டி உடனே கையிலிருந்த கல்லைக் கீழே போட்டுவிட்டார்.

ஒச்சம்மா தோட்டத்து மூலையில் இரண்டு கூடை ஆற்றுமணலைக் கொட்டிப் பொலபொலவென்று பரப்பினாள். பாத்திகளில் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தாள். விதைத்த இடத்தின்மேல் காய்ந்த தென்னங்கீற்றுகளைப் படுக்க வைத்தாள். முளை வந்ததும் எடுத்துவிடலாம். ஈரமும் ஈர்க்குமாகக் கிடக்கும் இடம் பூனைக்குப் பிடிக்காது. காய்ந்த மணல் பிடிக்கும். இரண்டாம் நாளே பூனைகள் பாத்தியை ஒரு பார்வை பார்த்துவிட்டு மணலுக்குப் போயின. யாருக்கும் வலிக்கவில்லை. செலவும் இல்லை. அதனால்தான் அது அரசின் கண்ணில் பட்டது.

அரசில் கனிவுத்துறை என்று ஒன்று இருந்தது. பிராணிகளின் மனம் நோகாமல் பார்த்துக்கொள்வது அதன் பொறுப்பு. அதில் அறுபது அதிகாரிகளும், வேலை செய்வதற்கு ஒரு கணக்கரும் இருந்தார்கள். கணக்கரின் பெயர் மங்களநாதன். அவர் மூன்றாம் நாள் வந்தார். ஒரு பூனை பாத்தி ஓரத்தில் காலைத் தூக்கி, கீற்றைத் தொட்டு, காலை உதறிவிட்டுத் திரும்புவதைப் பார்த்தார். ஏட்டைத் திறந்தார்.

"அதன் முகத்தைப் பார்த்தாயா?"

"பூன மூஞ்சி. எப்பவும் அப்படித்தான் இருக்கும்."

"ஏமாற்றம் தெரிகிறது. கனிவுச் சட்டம் ஏழாம் பிரிவு. பிராணியின் முகத்தில் ஏமாற்றம் தெரியும்படி நடந்துகொண்டால் ஐந்து பணம். கீற்று, பாதத்தில் குத்தும். ஈரம், சளி பிடிக்கும். மணல்மேடு, ஒரு சாராரை மூலையில் ஒதுக்கி வைத்தல். இது மூன்றிலும் பெரிய குற்றம்."

"ஐயா, அதுக ஆசையா அங்க போகுதுங்கய்யா."

"ஆசையாகப் போகும்படி ஒதுக்கி வைத்திருக்கிறாய். இன்னும் மோசம்."

கீற்று வண்டியில் ஏற்றப்பட்டது. மணல் அள்ளப்பட்டது. ஐந்து பணம் பாக்கியோடு சேர்ந்தது. கீற்று போன அன்றே பூனைகள் பழைய இடத்துக்கு வந்துவிட்டன. முதல் விதைப்பு மண்ணோடு போயிற்று.

தோட்டக்காரர்களைக் கைவிட்டுவிட்டதாக யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக அரசு மறு வாரமே ஓர் ஆணை பிறப்பித்தது. ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு பலகை நட வேண்டும். பலகையில், 'மாண்புமிகு பூனையாரே, தங்கள் வருகைக்கு நன்றி. தங்களுக்குச் சிரமம் இல்லாவிட்டால் வேறு இடம் நாட வேண்டுகிறோம்' என்று எழுதியிருக்க வேண்டும். பலகையைக் கருவூலத்தில்தான் வாங்க வேண்டும். விலை முப்பது பணம். கையில் இல்லாதவர்கள் கடனில் எழுதிக்கொள்ளலாம். எல்லாரும் கடனில் எழுதிக்கொண்டார்கள்.

பூனைகளுக்குப் பலகை மிகவும் பிடித்துப்போயிற்று. நல்ல மரம். நகம் தீட்ட வசதியாக இருந்தது. நகம் தீட்டிய கையோடு மண்ணைப் பறித்தன. 'பூனைகள் ஆணையைத் தொட்டு வணங்கிச் செல்கின்றன' என்று கனிவுத்துறை மாமன்னருக்கு அறிக்கை அனுப்பியது.

ஒச்சம்மா கோட்டைக்குப் போனாள். கனிவுத்துறை அமைச்சர் பரிவழகனார் அவளை நிற்க வைத்தே இரண்டு நாழிகை பேசினார். கீரைத் தண்டைப் போல ஒல்லியான மனிதர். குரல் மட்டும் பூசணிக்காய்.

"அம்மணி, அரசு உன் பக்கம்தான். பூனையின் பக்கமும்தான். நடுநிலை என்பது இரண்டு பக்கமும் இருப்பது."

"பக்கமெல்லாம் வேணாம் சாமி. அந்தக் கீத்த மட்டும் திருப்பிக் குடுத்தாப் போதும்."

"கீற்று என்பது வேலி. வேலி என்பது பகை. பகை என்பது இந்த நாட்டில் கிடையாது. பூனையை யார் தடுக்க முடியும்? பூனையின் மனம் அறிந்தவர்தான். பூனையின் மனம் அறிந்தவர் யார்?"

 பதில் வந்துவிடுமோ என்று ஒச்சம்மாவுக்குப் பயமாக இருந்தது.

"பூனைதான்!" என்றார் அமைச்சர்.

இப்படியாகத் தோட்டக் காவலுக்குப் பூனைகள் நியமிக்கப்பட்டன. நேர்முகத் தேர்வு முறையாகவே நடந்தது. ஒவ்வொரு பூனையின் முன்னாலும் ஒரு கட்டுக் கீரை வைக்கப்பட்டது. முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்ட பூனைகள், விளைச்சலில் கை வைக்காத நேர்மையாளர்கள் என்று தேர்வாயின. எல்லாப் பூனைகளும் தேர்வாயின. கழுத்தில் பட்டுக் கயிறு கட்டினார்கள். காவலருக்கு நாள் ஒன்றுக்கு ஒரு கை நெத்திலி. அதைத் தோட்டக்காரர் கொடுக்க வேண்டும்.

ஒச்சம்மாவின் தோட்டத்துக்கு வந்த காவலர் குண்டாக இருந்தார். நெத்திலி தின்றுவிட்டுப் பாத்தியில் வெயில் காய்ந்தார். தம் உறவினர்களை அழைத்தார். எழுந்தபோதெல்லாம் காரியத்தை அங்கேயே முடித்தார். இரண்டாம் விதைப்பும் போயிற்று. நெத்திலிக்கு இருபத்துநான்கு பணம் கடன் ஏறியது.

"மதினி, காவலர் தூங்குறார், சத்தம் போடாத," என்றார் சடையாண்டி வேலியிலிருந்து. "எழுந்தா ஒனக்கு இன்னும் ஒரு குழி."

"ஒங்க காவலர் எங்க?"

"எங்க காவலரா? குட்டி போட்டிருக்காக. பிள்ளப்பேறு விடுப்பு. அவுக வர்ற வரைக்கும் அவுக தம்பி ரெண்டு பேரு பாக்குறாங்க. மூணு பேருக்கும் மீனு எந்தலையில."

சிரித்தார்கள். வேறு என்ன செய்வது. ஆனால் அன்று ஒச்சம்மா பாத்தி நடுவில் உட்கார்ந்து நெடுநேரம் மண்ணை அளைந்துகொண்டிருந்தாள். பாக்கி நூற்றொரு பணம் மூன்று காசு ஆகியிருந்தது. கல்யாண வீட்டில் மொய் எழுதுகிற மாதிரி மங்கலமான தொகை என்று கணக்கர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். பிறந்தநாளுக்கு ஒரு மாதம்தான். பாத்தி போனால் இதே மண்ணில் இன்னொருத்தர் கையால் கூலி வாங்க வேண்டும். 

காவல் போட்டும் பூனை குறையவில்லை என்று நாலா பக்கமும் முணுமுணுப்பு எழுந்தது. எத்தனை பிராணிகள் தோட்டங்களில் உலவுகின்றன என்ற கணக்கு இல்லாததுதான் கோளாறு என்று அமைச்சர் கண்டுபிடித்தார். கணக்கெடுக்க ஆணை பிறந்தது. ஆனால் பிராணிகளை முறைத்துப் பார்ப்பதும் விரல் நீட்டி எண்ணுவதும் அவற்றின் மானத்துக்கு இழுக்கு என்று சட்டத்தில் இருந்தது. எனவே அடித்தடங்களை மட்டும் வைத்து எண்ண வேண்டும் என்று முடிவாயிற்று.

மங்களநாதன் ஒரு படப்பட்டியலோடு வந்தார். நான்கு விரல், நகம் பதியவில்லை என்றால் பூனை. நகம் பதிந்தால் நாய். பிளந்த குளம்பு ஆடு. மூன்று கிளை கோழி. குனிந்து குனிந்து எழுதிக்கொண்டே வந்தவர் இரண்டாம் பாத்தி வரப்பில் நின்றுவிட்டார். ஈர மண்ணில் பெரிய தடம். ஐந்து விரல். பெருவிரல் அகன்றிருந்தது. குதிகாலில் பாளம் பாளமாக வெடிப்பு. பட்டியலில் அப்படி ஒன்று இல்லை.

"இது என்ன?"

"என் காலுங்கய்யா," என்றாள் ஒச்சம்மா.

"இருக்க முடியாது."

அவள் காலைத் தூக்கித் தடத்தின்மேல் வைத்துக் காட்டினாள். பொருந்தியது.

"இருக்க முடியாது என்கிறேன். போன ஆண்டு மாமன்னர் நாட்டு மக்கள் அத்தனை பேருக்கும் இலவசச் செருப்பு வழங்கிவிட்டார். உன் பெயருக்கு நேரே ஒரு சோடி. பெற்றுக்கொண்டேன் என்று கைநாட்டும் இருக்கிறது. நாட்டில் வெறுங்காலோடு நடக்கிற குடிமக்கள் கிடையாது."

"ஒத்தச் செருப்பக்கூட நான் கண்ணால பாக்கலையே!"

"சத்தம் போடாதே அம்மா." கணக்கர் சுற்றும் முற்றும் பார்த்தார். குரல் இறங்கியது. "செருப்பு வாங்கிக் கொடுத்தது ராஜாவோட மச்சினர். இந்தத் தடத்த உன் காலுன்னு நான் எழுதினா, செருப்பு எங்கன்னு கேள்வி வரும். கேள்வி வந்தா எனக்கு வேலை இருக்காது. எனக்கு மூணு பிள்ள."

"அப்ப என்னன்னு எழுதுவீக?"

அவர் படப்பட்டியலை மேலிருந்து கீழ்வரை இன்னொரு தடவை பார்த்தார்.  பிறகு எழுதினார்: 'வகை தெரியாத ஐந்துவிரல் பிராணி. ஒன்று.'

வேலிக்கு அந்தப் பக்கம் சடையாண்டி விழுந்து விழுந்து சிரித்தார். "மதினி, ஒனக்கு வாலு எங்க?" என்று கேட்டார். கணக்கர் அடுத்து அவர் தோட்டத்துக்குப் போனார். சிறிது நேரத்தில் அங்கே சிரிப்பு நின்றது.

அன்றைக்கு மாலைக்குள் நாட்டின் எல்லாத் தோட்டங்களிலும் ஐந்துவிரல் பிராணி கண்டுபிடிக்கப்பட்டது. எண்ணாயிரத்துக்கு மேல். செருப்புத் தடம் கோட்டைக்குள் மட்டும் கிடைத்தது, நூற்றிருபது சோடி. குடிமக்கள் தொகை நூற்றிருபது என்று ஏட்டில் ஏறிற்று. மாமன்னர் பல்லக்கை விட்டு இறங்காததால் அவருடைய தடம் எங்கும் கிடைக்கவில்லை. அவர் எந்தப் பட்டியலிலும் வரவில்லை.

அமைச்சருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. உலகில் வேறு எங்கும் இல்லாத ஒரு பிராணி! பகலெல்லாம் மண்ணைக் கொத்துகிறது, குறைவாகத் தின்கிறது, கடிப்பதில்லை. மாமன்னர் உள்ளம் நெகிழ்ந்து அதை அரசப் பிராணியாக அறிவித்தார். அது வாழும் இடத்துக்குள் அதிகாரிகள் கால் வைக்கக் கூடாது. அது தன் கூட்டை அமைத்துக்கொள்ளும் முறையில் யாரும் தலையிடக் கூடாது. காவல் பூனைகளால் அதற்குத் தொந்தரவு நேரலாம் என்பதால் காவலர்கள் கோட்டைக்குத் திருப்பி அழைக்கப்பட்டார்கள். நெத்திலி அங்கேதான் இருக்கிறது என்று தெரிந்ததும் அவர்கள் மறுப்புச் சொல்லாமல் போனார்கள்.

ஒச்சம்மா ஆணையை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு மூன்றாம் தடவையாக விதை தூவினாள். தென்னங்கீற்று வெட்டிக்கொண்டு வந்து மேலே பரப்பினாள். மணல் கொட்டினாள். தண்ணீர் தெளித்தாள். மிச்சமிருந்த இரண்டொரு பூனைகள் மணலுக்குப் போயின. எட்டாம் நாள் பாத்தி நாலும் பச்சைப் பசேலென்று முளைத்திருந்தது. ஆனால் பறிப்புக்கு இன்னும் நாள் இருந்தது. பிறந்தநாளோ வந்துவிட்டது.

மங்களநாதன் அளவுக் கயிறும் கடன் ஏடுமாக வந்தார். வேலிக்கு வெளியிலேயே நின்றார். உள்ளே கால் வைக்கக் கூடாது.

"ஒச்சம்மா, வெளியே வா. கெடு முடிந்தது. நூற்றொரு பணம் மூன்று காசு. இல்லையென்றால் பாத்தி."

ஒச்சம்மா களை பறித்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள்.  

"எந்த ஒச்சம்மாவத் தேடுறீக? செருப்புப் போட்டவளையா, போடாதவளையா?"

"ஏட்டில் இருக்கிறவளை. செருப்பு வாங்கிக் கைநாட்டு வைத்தவளை."

"அவளத்தான் நானும் தேடிக்கிட்டிருக்கேன். என் பேர்ல செருப்ப வாங்கிட்டுப் போயிட்டா. பாத்தா பிடிச்சு வைங்க. கடனும் அவ கைநாட்டுதான், அவகிட்டயே வாங்கிக்கிடலாம்."

"அப்படியானால் நீ யார்?"

"நீங்கதான எழுதிட்டுப் போனீக. எனக்கு வகை தெரியாது."

சடையாண்டி வேலியில் தொங்கிக்கொண்டிருந்தார். "மதினி, சிரிச்சிராத!" என்று கத்தினார். "மூஞ்சியத் தொங்கப் போடு! ஏமாத்தம் தெரிஞ்சா அவருக்கு அஞ்சு பணம் தண்டம்!"

மங்களநாதன் ஓட்டமும் நடையுமாகக் கோட்டைக்குத் திரும்பினார்.

பரிவழகனார் முழுவதையும் கேட்டார். கண்ணை மூடினார். செருப்புப் போட்ட ஒச்சம்மாவைத் தேட ஆள் அனுப்பலாமா என்று கணக்கர் கேட்டார்.

"தேடக் கூடாது," என்றார் அமைச்சர். "தேடினால் அவளும் கிடைக்கமாட்டாள், செருப்பும் கிடைக்காது. அப்புறம் எண்ணாயிரம் சோடிக்கான பணம் எங்கே போனது என்று தெரிந்துவிடும். அந்தக் குடிமகள் காணாமல் போய்விட்டாள் என்று எழுது. கடனைத் தள்ளிவிடு."

"மற்றவர்கள்?"

"அவர்களும் காணாமல் போய்விட்டார்கள்."

அந்த மாதமே அமைச்சர் பதவிக்குத் தேர்தல் வந்தது. நூற்றிருபது குடிமக்களும் வாக்களித்தார்கள். பரிவழகனார் நூற்றுக்கு நூறு பெற்றார். உலகில் எந்த நாட்டிலும் இப்படி ஒரு வெற்றி இல்லை என்று முரசு அறைந்தார்கள். மறுநாள் கருவூலத்தார் ஆண்டு வரியைக் குடிமக்கள் தொகையால் வகுத்துத் தலைக்கு இவ்வளவு என்று பட்டியல் ஒட்டினார்கள். மங்களநாதன் தம் பங்கைப் பார்த்தார். அவருடைய பதினாறு ஆண்டுச் சம்பளம். பக்கத்தில் நின்ற அதிகாரி ஒருவர் எதையோ தேடுகிறவர் போலக் குனிந்து, செருப்பைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு கூட்டத்திலிருந்து நழுவுவதையும் பார்த்தார்.

தள்ளுபடி ஏட்டோடு அவர் ஒச்சம்மாவின் தோட்டத்துக்கு வந்தபோது முதல் பறிப்பு நடந்துகொண்டிருந்தது. கட்டுக் கட்டாகக் கீரை வரப்பில் அடுக்கியிருந்தது. மணல் மூலையில் ஒரு பூனை தன் வேலையை முடித்து மூடிக்கொண்டிருந்தது.

"கணக்கரே, கீர வேணுமா?" என்றாள் ஒச்சம்மா. "உள்ளதான் வர முடியாதே ஒங்களால."

மங்களநாதன் சாலையை இரண்டு பக்கமும் பார்த்தார். செருப்பைக் கழற்றி வேலிக்கு அப்பால் ஓடையில் எறிந்தார். வெறுங்காலை ஈர மண்ணில் வைத்தார். குளிர்ச்சி உச்சந்தலைக்கு ஏறியது போலும், ஒரு கணம் அப்படியே நின்றார். பிறகு வரப்பில் உட்கார்ந்து, ஏட்டை மடியில் விரித்து, நூற்றொரு பணம் மூன்று காசின் குறுக்கே ஒரே கோடாக இழுத்தார்.